கோளாறைக் குணப்படுத்திய குற்றம்

கள்ளிக்குப்பம்,
ஞாயிறு மாலை.

மதிப்பிற்குரிய மைத்துனர் ரூபஸ் அவர்களுக்கு,

திருநின்றவூரில் தாங்களும் பிள்ளைகளும் ஆண்டவர் காவலில் நலமாக இருப்பீர்கள். நான் நலமாக இல்லை. அதற்குத் தாங்களே காரணம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

சொற்பமான சம்பள உயர்வுக் கடிதம் கைக்கு வரும் ஒவ்வோர் ஏப்ரலிலும் நான் ராஜினாமா எழுத உட்காருவது இவ்வீட்டு வழக்கம். ‘ஐயா’ என்று எழுதியதும் பேனா மூடியைத் தேடி எழுவேன்; வழியில் ஜன்னல் கொக்கி ஆடும், அதை முடுக்கப் போனால் ஸ்க்ரூடிரைவர் பெட்டியில் பழைய ரேடியோ கிடைக்கும், அதைக் கழற்றி முடிப்பதற்குள் கோபம் ஆறி, மறுநாள் வால்வு கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு வழக்கம்போல் போய்விடுவேன். இப்படித்தான் என் மகள் ரோஷினி கல்லூரி வரை வந்தாள். இதற்கு ஏ.டி.எச்.டி. என்னும் கவனச்சிதறல் கோளாறு என்று பெயரிட்டு, “தள்ளிப்போடறதே ஒரு வியாதி மச்சான், சிபிடின்னு ஒண்ணு கீது, யோசனைய மாத்தினா வேல தானா நடக்கும், சும்மா வந்து பாரு” என்று என்னை ஆவடியிலுள்ள ஆலோசகரிடம் இழுத்துச் சென்றவர் தாங்கள்.

அந்த அம்மையார் மிகத் திறமைசாலி. பெரிய வேலையைத் துண்டு துண்டாக்கச் சொன்னார், ஆக்கினேன். ஐந்து நிமிடம் மட்டும் உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். ‘இதைச் செய்தால் எல்லாம் பாழாகிவிடும்’ என்று மனம் பயமுறுத்தினால், அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். ஆதாரம் ஏதுமில்லை. வெள்ளிக்கிழமை ராஜினாமாவை முழுதாக எழுதி, கையொப்பமிட்டு, மேலாளர் செல்வகுமாரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆதாரம் அன்று மாலையே கிடைத்தது. தங்கள் அக்கா ஞானகுமாரிதான் அது. “வருஷா வருஷம் எழுதறேன் எழுதறேன்னு சொல்ற மனுஷன், இப்ப குடுத்துட்டே வந்து நிக்கிறீங்களே! ஐம்பத்தாறு வயசுல எவன் கூப்ட்டு வேல குடுப்பான்? ரோஷினி ஃபீஸ அந்த ஆவடியம்மா கட்டுவாங்களா?” என்றவள், அதன்பின் பேசவில்லை. குழம்பு மட்டும் வருகிறது, ஓங்கி வைக்கப்பட்டு.

ஒரு குடும்பத்தைக் காத்துவந்த கோளாறைக் குணப்படுத்தியதற்காகத் தங்களை ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டேன். இனி நம்மிடையே பேச்சுவார்த்தை வேண்டாம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். தங்களுக்கு ஆண்டவர் தக்கதைச் செய்வாராக.

இப்படிக்கு,
பாஸ்கல்

பி.கு.: சற்றுமுன் செல்வகுமார் போன் செய்தார். “இன்னா சார், வெள்ளிக்கெழம டேபிள்மேல ஏதோ கவர் வச்சிட்டுப் போனீங்களாமே? நம்ம டேபிள் கதைதான் தெரியுமே, தீபாவளிக்கு வந்த கவரே இன்னும் பிரிக்காம கெடக்குது. மெதுவா பாத்துக்கலாம்” என்றார். நாளை அவருக்கு முன்பே போய் அதை எடுத்துவிடுவேன். மேலே கண்ட யாவற்றையும் எழுதாததாகக் கருதவும். ஒரே ஒரு வேண்டுகோள். அவர் உன்னோடு ஷட்டில் ஆடுகிறவர். எக்காரணம் கொண்டும் அவரை ஆவடிக்கு அழைத்துப் போய்விடாதே, மச்சான்.