டம்மி வேலைக்கு ஒரு போட்டி

இனித் தண்ணீர் சுமப்பதில்லை என்று எண்பத்து நான்காம் ஆண்டில் தீர்மானித்தேன். அதை நிறைவேற்றும் பொறுப்பை ஒரு கணிப்பொறியிடம் ஒப்படைத்ததே நான் செய்த புதுமை.

ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலை ஒன்றில் நான் மேற்பார்வையாளன். ஞாயிறுதோறும் வேலூர் சென்று, பல்கலைக்கழக வகுப்பொன்றில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பயின்றேன். எவ்வேலையை எவருக்குக் கொடுத்தால் மொத்த நேரம் குறையும் என்று கண்டறியும் சாத்திரம் அது. நேரங்களை அட்டையில் துளையிட்டுக் கொடுத்தால், கணிப்பொறியிலுள்ள புரோகிராம் தீர்ப்பை அச்சடித்துத் தள்ளும். செய்முறைத் தேர்வுக்கு என் இல்லத்தையே எடுத்துக்கொண்டேன்.

ஆட்கள் மூவர்: நான், மனைவி கமலவேணி, பிரியாணிக் கடையில் பணிபுரியும் மைத்துனன் சம்பத். வேலைகளோ இரண்டு: சமையல், தெருமுனை அடிபம்பில் தண்ணீர். ஆளும் வேலையும் சமமாயிருத்தல் வேண்டும் என்பது விதி. ஆகவே ‘டம்மி’ என்றொரு பொய் வேலையைச் சேர்ப்பார்கள்.

“அதுல இன்னாங்க செய்யணும்?” என்றாள் கமலவேணி.

“ஒண்ணும் செய்ய வேணாம். கெடைச்சவங்க சும்மா ஒக்காந்திருக்கலாம்.”

“அப்டியா!”

அந்த ‘அப்டியா’வை நான் கவனித்திருக்க வேண்டும்.

சமையலில் சம்பத்தை வெல்ல ஆளில்லை. ஆகவே எஞ்சிய எங்கள் இருவரில் தண்ணீர் சுமப்பதில் யார் மெதுவோ, அவருக்கே டம்மி. ஸ்டாப்வாட்சைக் கண்டதும் தொழிலாளர் கை தளர்வதைக் காலமெல்லாம் கண்டித்தவன் நான். அக்கலையை எனக்கா கற்றுத்தர வேண்டும்?

நேரத்தை வெளியார் ஒருவரே அளக்க வேண்டும் என்பது பேராசிரியர் கட்டளை. பொய் பேசாதவர் எனத் தெருவே போற்றும் அண்டைவீட்டு ரஃபத் ஜஹானிடம் ஸ்டாப்வாட்சைத் தந்தேன்.

முதலில் கமலவேணி சென்றாள். பம்படியில் நின்ற ஒவ்வொருவரையும் குடும்பத்தோடு நலம் விசாரித்தாள். குடம் வீடு சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது.

“இன்னா கமலா, இவ்ளோ லேட்டு?”

“முட்டி புடிச்சுக்கிச்சு, ரஃபத்து.”

அடுத்து நான். ஆமையும் நாணும்படி நடந்தேன். வேப்பமரத்தடியில் குடத்தை இறக்கி வைத்து இளைப்பாறினேன். இன்னும் சிறிது அமர்ந்தால் வெற்றி. அப்போது வாசலிலிருந்து ஒரு கூக்குரல்.

“ஐயையோ! என்னங்க! ஒங்க காலேஜ் நோட்டெல்லாம் ஆடு திங்குதுங்க!”

ஓராண்டுப் படிப்பு! குடத்தை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் அது என் மாமனார் சீராகத் தந்த பித்தளைக் குடம். அதைத் தெருவில் விட்டுவந்து நிம்மதியாய்ச் சோறுண்டவர் எங்கள் வீட்டில் இல்லை. தூக்கிக்கொண்டே பறந்தேன்.

ரஃபத் ஜஹான் பொத்தானை அமுக்கினார். “மாஷா அல்லா! இன்னா ஸ்பீடுண்ணே!”

நோட்டுகள் அலமாரியில் இருந்தன. ஆடு முளையடியில் முருங்கைத்தழை மென்றுகொண்டிருந்தது.

“ஆடு கட்டித்தானே கெடக்குது?”

“ஆடு கட்டித்தாங்க கெடக்குது. நீங்கதான் அவுத்துக்கினு ஓடியாந்தீங்க.”

“இது செல்லாது. மறுபடி அளக்கணும்!”

“அது தப்புண்ணே,” என்றார் ரஃபத் ஜஹான். “ஓடிக் காட்டிட்டீங்க. இனிமே மெதுவா வந்தா அது நடிப்பு.”

கணிப்பொறி தீர்ப்பளித்தது. சம்பத்துக்குச் சமையல். கமலவேணிக்கு டம்மி. எனக்குத் தண்ணீர்.

பேராசிரியர் நூற்றுக்கு நூறு வழங்கினார். “தம் வேகத்தைக் குறைத்துக் காட்டாத ஒரே மாணவர் இவர்!” என்று என்னை நிற்கவைத்துப் புகழ்ந்தார். கைதட்டல் ஓயும்வரை என்னால் நிற்க இயலவில்லை. அந்தித் தண்ணீருக்கு நேரமாகிவிட்டது.