வந்துகொண்டே இருப்பவர்

வருகிறவர்களை நமக்குத் தெரியும். வராதவர்களையும் தெரியும், அவர்களால் பெரிய தொல்லை இல்லை. இந்த இரண்டிலும் சேராமல், 'வந்துகொண்டே இருப்பவர்' என்று மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. பார்த்திருக்கிறீர்களா? எப்படிப் பார்த்திருப்பீர்கள்? அவர்தான் இன்னும் வந்து சேரவில்லையே!

நம் லிஃப்ட் மெக்கானிக் அந்த இனத்தில் முதல் வரிசை. ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நாலு பேர் சிக்கிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க போன் போட்டால், இவர் கட்டிலுக்கடியில் பனியனைத் தேடிக்கொண்டே, "வந்துகிட்டே இருக்கேங்க, அடுத்த திருப்பம்தான்" என்பார். பொய் என்ற நினைப்பே கிடையாது. மனசு புறப்பட்டாயிற்று, உடம்பு என்ன பெரிய உடம்பு?

ஒரு நாள் நிஜமாகவே புறப்பட்டு, அவசரத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டி, ஒரு வழக்கைச் சம்பாதித்துக்கொண்டார். கோர்ட்டில் தேதி கொடுத்தார்கள். வக்கீல் வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன்தான். அன்று காலை பத்தரைக்கு அவர் போன் செய்தபோது இவர் தலை நிறைய சோப்பு நுரை.

"மாப்ள, எங்க இருக்கீங்க?"

"கோர்ட் வாசல்ல, மச்சான்!"

"நானும் வாசல்லதான நிக்கிறேன்?"

"இது... இன்னொரு வாசல்."

டவாலி மூன்று முறை பெயரைக் கூவினார். ஆள் இல்லை. பிடிவாரண்டு பிறந்தது.

அதற்கப்புறம் மனுஷன் பட்ட பாடு! காலிங்பெல் அடித்தால் பீரோவுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டார். வேலை நடக்கும் இடத்துக்குப் போலீஸ் வந்தால் சீட்டைக் கிழித்துவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். சோறு இறங்கவில்லை. கடைசியில் மனைவி, "அவங்க வந்து கூட்டிட்டுப் போறதுக்குள்ள நீங்களே போயிடுங்க. வாரண்டை ரத்து பண்ணச் சொல்லி அண்ணன் மனு எழுதி வச்சிருக்கார்" என்று கையோடு இழுத்துப் போனாள்.

ஒன்பதரைக்கே கோர்ட்டில் ஆஜர். பத்தரை ஆயிற்று, பதினொன்றும் ஆயிற்று, நீதிபதி அம்மாவின் நாற்காலி காலி. என்ன ஆயிற்று? மூன்றாவது மாடிக்கு வருகிற வழியில் லிஃப்ட் நின்றுவிட்டதாம்.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக்கின் பாக்கெட்டில் போன் அலறியது. நாலடி தள்ளி, அவருக்கு முதுகைக் காட்டி நின்றிருந்த கோர்ட் குமாஸ்தாதான் பேசினார்.

"லிஃப்ட் மெக்கானிக்கா? எங்க சார் இருக்கீங்க?"

பழக்கதோஷம். வாய் முந்திக்கொண்டது. "வந்துகிட்டே இருக்கேங்க, பாதி வழி தாண்டியாச்சு!"

குமாஸ்தா மெதுவாகத் திரும்பினார். மச்சான் தலையில் அடித்துக்கொண்டார்.

ஓடிப்போய்க் கதவை நெம்பியபோது, நீதிபதியின் செருப்புகள்தான் முதலில், மெக்கானிக்கின் மூக்குக்கு நேராகத் தரிசனம் தந்தன. அவற்றுக்கே ஒரு கும்பிடு போட்டார். மேலிருந்து குரல் வந்தது: "அரை மணி நேரமா 'மெக்கானிக் வந்துகிட்டே இருக்கார்'னு சொன்னாங்களே, அது நீங்கதானா?"

விசாரணை தொடங்கியது. "கடுமையான வயிற்றுவலியால வர முடியலைன்னு மனுவுல இருக்கே?" என்றார் நீதிபதி, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. ஆமாம் சொல்லுங்கள் என்று மச்சான் கண்ணால் கெஞ்சினார். மெக்கானிக் அந்த வியர்வையையே பார்த்தார். இத்தனை வருஷத்தில், காத்திருந்த ஒரு முகத்தை அவர் நின்று பார்த்ததே இல்லை.

"வயிறு நல்லாத்தான் இருந்துச்சும்மா. வீட்லதான் இருந்தேன். வாசல்ல நிக்கிறேன்னு பொய் சொன்னேன்."

மச்சான் சுவரோடு சுவராகிவிட்டார்.

"வாரண்டை ரத்து பண்றேன். வழக்கு திங்கட்கிழமை, பத்தரைக்கு. இனிமே வர்றதுக்கு முன்னாடி எதையும் சொல்லாதீங்க. வந்துட்டுச் சொல்லுங்க."

திங்கட்கிழமை எட்டு மணிக்கே வந்து, பூட்டிய கேட்டுக்கு முன்னால் காவல் நின்று, குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி வெளியே வந்தார். மறுநாள் லிஃப்டில் மாட்டிய ஒருவர் போன் செய்தார். "இன்னும் கிளம்பவே இல்லீங்க. இப்பதான் சாக்ஸ் தேடறேன்" என்றார் நம்மவர். ராங் நம்பர் என்று அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தைப் பிரிப்பதற்குச் சற்று முன்னால் ஒருவர் உங்களை அழைத்தாரே, 'செருப்பு மாட்டிட்டேன், இதோ தெருவுக்கு வந்துட்டேன்' என்று அவரிடம் சொன்னீர்களே! பாவம், அவர் அங்கேயே நிற்கிறார்.

கொஞ்சம் குனிந்து உங்கள் காலைப் பாருங்கள்.