பொழிச்சலூர் ஜலால் கம்பியின்றி ஒலி செலுத்திய படலம்

விமானநிழல் மாடிதோறும் தவழும் பொழிச்சலூரின் கோமானும், தாம்பரத்து டைல்ஸ் கடையின் தனிப்பெருந் தலைவனும், ஆறு ரிமோட்டுகளை இருகரத்தால் ஆளும் ஆற்றலோனுமாகிய ஜலால் வாழ்க. அவன் வைஃபை வாழ்க. அவன் பொறுமையும், இருந்தவரைக்கும், வாழ்க.

அன்று ஞாயிறு. அவன் குலக்கொழுந்து கைனாத், கேளம்பாக்கத்துக் கல்லூரி மைதானத்தில் நடக்கும் மகளிர் கபடி இறுதிப்போட்டிக்கு இணையத்தில் முதன்முதலாக வர்ணனை சொல்லவிருந்தாள். நாலு மணிக்கு ஆட்டம். மகளின் குரல் லேப்டாப்பின் கொசுவாயில் முனகுவதா என வெகுண்ட ஜலால், அதை வைஃபை வழியே கூடத்து ரிசீவருக்கு ஏவி, ஆளுயர ஸ்பீக்கர் இரண்டிலும் முழங்கச் செய்வேன் என்று மனைவி ஜஹீராவின் சுற்றத்தார் பதினொருவர் முன்னிலையில் சூளுரைத்தான்.

ஜஹீராவின் தம்பி சுஃபியான் சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்பு ஒயரை எடுத்தான்.

"மச்சான், இத சொருகினா மேட்டர் முடிஞ்சுது."

"ஒயர் சொருகுறதுக்கு நான் எதுக்குடா? உள்ள வை."

மூன்று மணிக்குப் போர் மூண்டது. லேப்டாப் திரையில் ரிசீவரின் பெயர் தோன்றவேண்டிய பட்டியலோ, மழை மறந்த ஏரிபோல் வெறுமையாய்க் கிடந்தது. கோட்டைமதிலென நின்ற ஃபயர்வாலைத் தகர்த்தான். அப்டேட் என்னும் அரக்கனுக்கு அரைமணி நேரம் பலியிட்டான். முதுகில் மைத்துனன் பார்வை வேலெனத் தைக்க, வியர்வை ஆறெனப் பெருக, இனிப் பொறுப்பதில்லை என்று ரவுட்டரையே அணைத்து மீண்டும் மூட்டினான்.

மூன்று ஐம்பத்தெட்டு. வெறும்பட்டியலில் ஒரு பெயர் விடிவெள்ளியாய் முளைத்தது: ரிசீவர். வில்லினின்று கணை விடுப்பான்போல் ஆள்காட்டி விரலால் அழுத்தினான். இணைந்துவிட்டது என்றது திரை. ஆயினும் ஸ்பீக்கர்கள் வாய் திறக்கவில்லை. சினந்தெழுந்தவன், ஒலியளவை அதன் உச்சிவரை ஏற்றினான்.

காக்கைகள் கலைந்து பறக்க, ஜன்னல்கள் அதிர, இடிமுழக்கமெனக் கைனாத்தின் குரல் எழுந்தது, பக்கத்து வீட்டிலிருந்து.

அவ்வீட்டு ஞானையாவின் மனைவி எப்சி மதிலுக்கு மேல் தலை நீட்டினாள். "ஜலால் அண்ணே, உங்க பொண்ணு எங்க வூட்ல கத்திகினு கீது. எல்லாரும் வந்து கேளுங்க."

நடந்தது இதுவே. ரவுட்டர் அணைந்த வேளையில் நாதியற்ற லேப்டாப், சென்ற மழைக்காலத்தில் இரவல் பெற்ற ஞானையாவின் வைஃபையில் அடைக்கலம் புகுந்துவிட்டது. ஜலால் வாங்கிய அதே தள்ளுபடியில் அதே ரக ரிசீவரை வாங்கியிருந்த ஞானையாவோ, பழைய பாட்டுக் கேட்கலாமென்று அப்போதுதான் அதற்கு உயிரூட்டியிருந்தார்.

ஜலால் செவிசாய்த்தான். மகளின் குரலில் நடுக்கம் துளியும் இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே, பகைவர் கோட்டையைப் பொருது கைப்பற்றிய வேந்தன்போல் நெஞ்சு நிமிர்த்தி, சுற்றத்தார் பதினொருவரும் பின்தொடர, ஞானையாவின் வாயிற்கதவம் திறந்து உட்புகுந்தான்.

எப்சி போட்ட டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.