ரிஜெக்ட் அண்ணனும் என் இலவச விமானமும்

ஐம்பத்திரண்டு வயதில், ரத்த அழுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, லுங்கியோடு உட்கார்ந்து, ஆளில்லாத அறையைப் பார்த்து “பயணிகள் அனைவரும் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள், இறங்கப் போகிறோம்” என்று அறிவிக்கும் ஒருவனை உங்கள் வீட்டில் என்ன செய்வீர்களோ தெரியாது. என் வீட்டில் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவது என் பொழுதுபோக்கு. இதை விளையாட்டு என்று சொன்னால் எங்கள் கூட்டத்துக்குக் கோபம் வரும். சிமுலேட்டர் என்று சொல்ல வேண்டும். இதற்கென்று காசு கொடுத்து வாங்கும் விமானங்கள் உண்டு. ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்களோடு மாரடிக்கும் நான், இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் செய்து இனாமாக விட்டிருக்கும் ஜெட் விமானத்தை எடுத்துக்கொண்டேன். அது அழகாகக் கிளம்பும், அழகாகப் பறக்கும். தரையைக் கண்டால் மட்டும் அதற்கு ஆகாது.

இந்தக் கோளாறு ஒரு பெண்ணின் பிரசவம் வரை போய் முட்டியதற்குக் காரணம் எதிர்வீட்டு ரிஜெக்ட் அண்ணன்.

ஆம்பூரில் பிறந்த, விளைந்த, தைத்த, சமைத்த எதுவும் ரிஜெக்ட் அண்ணன் கையில் ஒருமுறையாவது தோற்காமல் ஊரைவிட்டு வெளியே போனதில்லை. தோல் பதனிடும் டேனரியில் தரம் பிரிப்பவராக இருந்தார். பதப்படுத்தி, சாயம் ஏற்றி, மெருகு போட்டு வந்த தோலை வடக்குப் பார்த்த ஜன்னலடியில் விரித்து, கட்டைவிரலால் மடித்து, முதல் தரம், இரண்டாம் தரம், ரிஜெக்ட் என்று சாக்பீஸால் குறி போடுவது வேலை. ‘முதல் தரம்’ என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டவர்கள் டேனரியில் யாருமில்லை. ஓய்வு பெற்றதும் தோல் வருவது நின்றது, கட்டைவிரல் நிற்கவில்லை. தோசையை மடித்து வெடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். ஆற்காட்டிலிருந்து வாங்கிவந்த மக்கன் பேடா இனிப்பை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, “கலரு ஈவனா இல்லியே” என்று வைத்துவிட்டார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் பையனின் முழங்கையைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டுச் சபையில் தீர்ப்பு சொன்னார்: “செகண்ட்ஸ் தான். ஆனா எக்ஸ்போர்ட்டுக்குப் போவும்.”

போனான். மஸ்கட்டில் வேலை. அங்கே பெண்ணுக்கு இப்போது மாதம் நெருங்கிவிட்டது. மாப்பிள்ளை மாமனார் மாமியார் இருவருக்கும் டிக்கெட் அனுப்பிவிட்டான். இருவருமே அதுவரை விமானம் ஏறியதில்லை. அண்ணி அன்றைக்கே பருப்புப் பொடி அரைக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணன் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சரக்கப் பாக்காம ஓகே சொல்ற பழக்கம் எனக்கில்ல” என்று நேரே என் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, நீ ப்ளேன் உடுறியாமே. எப்படி எறங்குதுன்னு ஒருவாட்டி காட்டு.”

மனிதர் பயத்தைப் போக்குகிற புண்ணியம் நமக்குக் கிடைக்கட்டும் என்று நாற்காலி போட்டேன். சென்னை ஓடுபாதை தெரிந்தது. சக்கரத்தை இறக்கினேன், வேகத்தைக் குறைத்தேன், அறிவிப்புகூடச் செய்தேன். விமானம் தரையைத் தொட்டது. தொட்ட வேகத்தில் சூடு பட்டது போல் எகிறியது. மறுபடி தொட்டது, மறுபடி எகிறியது. கடைசியில் ஓடுபாதையைத் தாண்டிப் புல்வெளியில் ஒரு இறக்கையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டது.

அண்ணன் முன்னால் குனிந்து திரையைப் பார்த்தார்.

“இன்னா தம்பி இது, எறங்குச்சா, விழுந்துச்சா?”

“இது இனாமா வந்த ப்ளேன் அண்ணே. நெஜ பைலட்டுங்க இப்படிப் பண்ண மாட்டாங்க.”

“நீ ஆசைக்கு ஓட்டுற. ஆசைக்கு ஓட்டுறவனே இப்படி எறக்குனா, சம்பளத்துக்கு ஓட்டுறவன் எப்படி எறக்குவான்?”

அண்ணன் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து என் மேசை ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு எழுந்தார். “ரிஜெக்ட். டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்றேன்.”

சற்று நேரத்தில் அண்ணி வந்தார். கையில் பொடி வறுத்த கரண்டி அப்படியே இருந்தது.

“ஏன் தம்பி, உனக்கு இன்னா கேடு நாங்க பண்ணோம்? பொண்ணு அங்க ஒண்டியா வயித்தத் தள்ளிகினு நிக்குறா. எனக்கு அந்த ஊரு பேரக்கூட ஒழுங்கா சொல்ல வராது, நான் தனியா எங்க போவேன்? கெடுத்தது நீ. நீயே சரி பண்ணு.”

இப்படியாக, கிளம்பும் நாளுக்குள் ஒரே ஒரு முறையாவது அந்த விமானத்தை ஒழுங்காகத் தரையிறக்க வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. இணையத்தில் என்னைப் போன்ற நொந்தவர்கள் கூடுகிற இடத்தில் கேட்டேன். யாரோ ஒருவர், ‘இனாம் விமானங்களில் கண்ணுக்குத் தெரிகிற சக்கரம் ஒரு இடத்திலும், கணக்கில் இருக்கிற சக்கரம் அதற்குக் கீழேயும் இருக்கும். அதனால்தான் தரை பட்டதும் எகிறுகிறது. அந்த எண்ணைத் திருத்து’ என்றார். திருத்தினேன். எண்ணுக்கு முன்னால் இருந்த கழித்தல் குறி கைதவறிப் போய்விட்டது. அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்து விமானத்தைத் திறந்தேன். அது நின்ற இடத்திலேயே வயிறு வரை தரைக்குள் இறங்கியது.

“நாத்து நடுறியா?” என்றார் அண்ணன். மேசையில் இன்னொரு பெருக்கல்.

குறியைத் திரும்பப் போட்டேன். எகிறல் பாதியாகக் குறைந்தது. அண்ணனுக்குள் இருந்த டேனரிக்காரர் இப்போது லேசாக விழித்துக்கொண்டார்.

“கடைசில தெரியுற குத்தம் கடைசில வந்ததில்ல தம்பி. மெருகு போட்ட தோல்ல கீறல் தெரியுதுன்னா, ஆடு உசிரோட இருக்கச்சேயே முள்ளுல ஒரசியிருக்கும். பின்னாடி போ.”

பின்னாடி போனோம், கிளம்புகிற இடத்திலிருந்தே பார்க்க. பெங்களூரிலிருந்து கிளம்பி எங்கள் ஊரைத் தாண்டிச் சென்னை. வழியில் அண்ணன் பாலாற்றைத் தேடினார், மணல்தான் தெரிந்தது. “கரெக்டா பண்ணியிருக்கான்” என்றார். என் சிமுலேட்டர் அவரிடம் வாங்கிய நன்மதிப்பு அது ஒன்றுதான். அப்போதுதான் நான் கவனித்தேன், இந்தப் பக்கத்துத் தெருவுக்குப் போவதானாலும் அது டாங்கி நிறைய எரிபொருளோடுதான் கிளம்புகிறது. அத்தனை கனத்தோடு இறங்கினால் எகிறாமல் என்ன செய்யும்?

“லோடு ஜாஸ்தி, கம்மி பண்ணு” என்றார். ஆர்வத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே கம்மி பண்ணிவிட்டேன். காவேரிப்பாக்கம் ஏரிக்கு மேலே இரண்டு இன்ஜினும் அணைந்தன.

அண்ணன் பதறவில்லை. “ஏரில தண்ணி கீதா பாரு” என்றார்.

மேசையில் இடம் தீர்ந்துகொண்டே வந்தது. அண்ணியின் பொடிகள் டப்பாவில் அடைபட்டுக் காத்திருந்தன. ஊருக்குக் கிளம்ப ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பாக்கி. அன்று காலை அண்ணன் அறைக்குள் வந்து, மேலே எரிந்த டியூப் லைட்டைப் பார்த்தார்.

“இதுல தான் இத்தினி நாளா பாக்குறோமா? டியூப் லைட்டுல எந்த மடையனாவது தரம் பிரிப்பானா? வடக்கு வெளிச்சத்துக்குத் தூக்கு எல்லாத்தையும்.”

கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற விமானத்துக்கும் வடக்கு ஜன்னலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை. வடக்கு ஜன்னலடியில் என் மகளின் படிப்பு மேசை காலியாக இருந்தது. மானிட்டரையும், விமானத்தை ஓட்டுகிற குச்சியான ஜாய்ஸ்டிக்கையும் அங்கே தூக்கிவைத்து, அளவாக எரிபொருள் ஊற்றி, கிளம்பினேன். அண்ணன் கைகட்டி நின்றார். வாசற்படியில் அண்ணி, கண்ணை மூடிக்கொண்டு.

விமானம் தொட்டது. எகிறவில்லை. ஓடியது, தளர்ந்தது, நடுக்கோட்டின் மேல் நின்றது. எனக்கே ஆள் மாறிவிட்டதோ என்று சந்தேகம்.

அண்ணன் மானிட்டரின் மூலையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். சாக்பீஸ் வெளியே வரவில்லை.

“செகண்ட்ஸ்” என்றார். பிறகு அண்ணியிடம் திரும்பி, “பெட்டியக் கட்டு.”

“வெளிச்சம் தான் தம்பி. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். அவர்கள் போன பிறகு பழைய மேசையைத் துடைக்கும்போது காரணம் கிடைத்தது. கம்பெனியிலிருந்து வந்த நல்ல மெருகு போட்ட சாம்பிள் தோல் ஒன்றை, எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற மாதிரி, விரிப்பாகப் போட்டிருந்தேன். ஜாய்ஸ்டிக் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தது. தரை நெருங்கியதும் குச்சியைப் பின்னால் இழுத்தால், விமானத்தின் மூக்கு மேலே எழும்புவதற்குப் பதில் ஜாய்ஸ்டிக் மொத்தமாக என் மடியை நோக்கி வழுக்கி வந்திருக்கிறது. நான் பதறி வெடுக்கென்று இழுக்க, அது எகிறியிருக்கிறது. ஜன்னலடி மேசையில் விரிப்பு இல்லை, அவ்வளவுதான். இதை அண்ணனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தத் தோலைக் கொண்டா பார்க்கலாம் என்பார்.

இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். பெண் குழந்தை. எதிர்வீடு பூட்டிக் கிடக்க, நான் வாங்கி வருகிற கத்தரிக்காயைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாரில்லை. அது நிம்மதியாக இருக்க வேண்டும், ஏனோ இல்லை. அண்ணி போன் செய்தபோது, என் கவலையை முதலில் கேட்டேன்.

“லேண்டிங் எப்படி இருந்துச்சு அண்ணி? அண்ணன் இன்னா சொன்னாரு?”

“அவரு எங்க பாத்தாரு? மெட்ராஸ்ல வண்டி நவுந்ததும் கண்ண மூடுனவரு, இங்க வந்து நின்னப்புறம் தான் தொறந்தாரு. எறங்கச்சே என் கையப் புடிச்சிகினு ஏதோ பேரையே சொல்லிகினு இருந்தாரு. நம்ம சாமிய கும்புடுறாருன்னு பாத்தா, உன் பேரு தம்பி.”

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன். அண்ணி நிறுத்தவில்லை.

“பக்கத்து சீட்டு அம்மா, யாருங்க அதுன்னு கேட்டாங்க. எங்க எதிர்வூட்டுத் தம்பி, வேலை முடிஞ்சி வந்து சும்மா கம்ப்யூட்டர்ல ப்ளேன் உடும்னு சொன்னேன். அந்த அம்மா பெல்ட்ட இன்னும் கொஞ்சம் இறுக்கிகினாங்க.”