கட்டுகஸ்தோட்டையில் கடல் வைத்திருப்பவர்

வாசகரே, மனித இனத்தில் நைத்திரேற்றுக்காரர் என்று ஒரு பிரிவு உண்டு. அவரைக் கண்டுபிடிப்பது மிகவும் சுலபம். எதிரே வந்தால் "சுகமா?" என்று கேட்டுப் பாருங்கள். மற்றவர்கள் "ஏதோ இருக்கிறோம்" என்பார்கள், முதுகு வலி என்பார்கள், கரண்டு பில் என்பார்கள். இவர் ஓர் எண்ணைச் சொல்வார். "பத்து" என்றால் வீட்டில் எல்லாம் நலம். "இருபது" என்றால் நீங்களும் கொஞ்சம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ள வேண்டும்.

எதன் எண் என்கிறீர்களா? இவர் வீட்டு ஹோலில் ஒரு கடல் இருக்கிறது. சுற்றிலும் கண்டி மலை, உண்மையான கடலைப் பார்க்க பஸ்ஸில் அரை நாள் போக வேண்டும். அதனால் என்ன? அலுமாரி அளவில் ஒரு கண்ணாடித் தொட்டி செய்து, கொழும்பிலிருந்து வரவழைத்த உப்பைச் சுத்தத் தண்ணீரில் கரைத்து, முருகைக்கல் என்னும் உயிருள்ள பவளம் அடுக்கி, செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு மீன்களை விட்டு, நீல விளக்கு மாட்டி, அலைக்கு ஒரு மோட்டாரும் பூட்டி, அந்த மோட்டார் இரைச்சலில் மனைவி கூப்பிடுவது காதில் விழாமல் வாழ்கிறார். மீன் தின்னும். தின்றது கழியும். கழிந்தது தண்ணீரில் நைத்திரேற்று என்ற உப்பாகத் தங்கும்; அதன் அளவுதான் அந்த எண். அது கூடினால் முருகை பாசி பிடித்துப் பழுப்பாகிச் சாகும். விஷயம் இவ்வளவுதான். அவர் சொன்னால் இரண்டு மணித்தியாலம்.

என் பக்கத்து வீட்டு இராமநாதன் இந்தப் பிரிவில் முதல் தரம். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கப் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வெற்றிலை கூடத் தொடாத மனிதர். அவர் வீட்டுக்குப் போனால் கதிரை கிடைக்கும், தேத்தண்ணி கிடைக்கும், அதைக் குடிக்கத்தான் நேரம் கிடைக்காது. தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்து, மருந்துத் துளி விட்டு, பொடி போட்டுக் குலுக்கி, ஒரு வர்ண அட்டைமேல் வைத்து உங்கள் மூக்கருகே நீட்டுவார். நிறம் கடுமையானால் எண் கூட என்று அர்த்தம்.

"இது இளம் ரோசாவோ, கடும் ரோசாவோ? வடிவாப் பாருங்கோ."

"இளம் ரோசா மாதிரித்தான் இருக்குங்க சேர்."

"உங்களுக்குக் கண்ணில ஏதோ பிழை இருக்கு" என்று முற்றத்து வெயிலுக்கு அழைத்துப்போவார். வெயிலிலும் அது ரோசாவாகத்தான் இருக்கும். பிறகு ஜன்னலோரம், பிறகு டியூப் லைட்டின் கீழ். திரும்பி வரும்போது தேத்தண்ணியில் ஆடை படர்ந்திருக்கும்.

நைத்திரேற்றைக் குறைக்கப் பல வழிகள் உண்டு. தண்ணீரை மாற்றலாம், தீனியைக் குறைக்கலாம். இராமநாதன் இன்டர்நெட்டில் படித்துப் பிடித்த வழி வேறு: தினமும் தொட்டிக்குச் சிறிது வொட்கா. சிரிக்காதீர்கள், நிஜமான வைத்தியம்தான். தண்ணீரிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகும், பெருகும்போது நைத்திரேற்றையும் சேர்த்துத் தின்றுவிடும். அளவு மிஞ்சினால் மட்டும் தண்ணீர் பாலாக வெளுத்து, மீன் மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

ஆகவே வெற்றிலை தொடாத மனிதர், பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு முதல் நாள் பின்னேரம், நாளைக்குக் கடை பூட்டு என்று ஊரே முண்டியடிக்கும் சாராயக் கடை வரிசையில் போய் நின்றார். பின்னால் நின்றவர் ஓட்டோ ஓட்டும் வீரையா.

"சேர், நீங்களுமா?"

"மீனுக்கு, வீரையா."

"நானும் மீனுக்குத்தான் சேர் வாங்குறேன். வீட்டுல பொரிச்சு வச்சிருக்கு."

இந்த நேரத்தில்தான் அந்த வீட்டுக்குச் சுஜந்தன் வந்தான். இராமநாதனின் மனைவி இராசமணிக்கு ஒரே தம்பி. குடியால் ஊரில் வேலையும் போய், பெண்சாதியும் போய், ஆஸ்பத்திரியில் கிடந்து ஒருவாறு எழும்பி, குடியை விட்டவன். கூட்டாளிமாரின் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அக்கா கண்டிக்குக் கூட்டி வந்திருந்தாள். இனித் தொட்டால் ஈரல் தாங்காது என்று டொக்டர் அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

"இஞ்சருங்கோ, உந்தப் போத்தலை வீட்டில வைக்காதேங்கோ. அவன் இப்பத்தான் தேறி வாறான்."

"அது மருந்து, இராசமணி. ஒரு மில்லிலீற்றர்தான் ஊத்துறன்."

மருந்து தொட்டிக்குக் கீழே, பூட்டில்லாத தட்டில் இருந்தது. சுஜந்தனுக்கு ஹோலில்தான் படுக்கை.

அதன்பிறகு ஓர் அதிசயம் நடந்தது. வொட்கா ஊற்ற ஊற்ற எண் இறங்கவில்லை, ஏறியது! ஒன்றை இரண்டாக்கினார். இரண்டை ஐந்தாக்கினார். ஐந்தைப் பத்தாக்க, பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்கினார். உப்பைச் சந்தேகித்தார், வடிகட்டியைச் சந்தேகித்தார், மனைவி போட்ட சாம்பிராணியைச் சந்தேகித்தார். என்னையும் விடவில்லை, நான் தொட்டிக்குள் விரலை விட்டேனாம். போத்தலை மட்டும் அவர் சந்தேகிக்கவில்லை. அதன் மட்டம் குறைய வேண்டிய அளவுக்குத்தானே குறைந்தது?

உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். குடித்த அளவுக்குப் போத்தலில் பைப்புத் தண்ணீர். கடலுக்கு அவர் அளந்து அளந்து ஊற்றியது அதைத்தான். கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று அக்கா கேட்டால், "மோட்டார் சத்தத்தில நித்திரை இல்லையக்கா" என்பான் தம்பி. அத்தானோ கேட்கவே இல்லை. அந்தக் கண்கள் அருகில் வந்தபோதெல்லாம் குழாயிலிருந்து பார்வையை எடுக்காமல் அவர் சொன்னது ஒன்றுதான்: "தள்ளி நில்லும், வெளிச்சம் மறைக்குது."

ஒருநாள் போத்தல் தீர்ந்தது. புதிது வந்தது. மூடியைத் திருகி, பெரிய சிரிஞ்சை நிரப்பி, தொட்டிமேல் கையைக் கொண்டுபோனார். நான் பக்கத்தில் குழாயைப் பிடித்தபடி நின்றேன், சாட்சியாக. சுவரோரம் சுஜந்தன். பேசாமல் நின்றால் அவன் தப்பிவிடுவான், மீன் இரண்டும் போய்விடும். அந்த வீட்டில் அவனுக்குப் புத்தி சொல்லாத உயிர்கள் அவை இரண்டும்தான்.

"அத்தான், ஊத்தாதேங்கோ! மீன் செத்துப்போம்!"

"ஏன்? இவ்வளவு நாளும் பத்துத்தானே ஊத்தினனான்?"

"அது தண்ணி, அத்தான். மற்றது… நான் குடிச்சிட்டன்."

குசினி வாசலில் இராசமணி அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். இராமநாதன் முகத்தில் என்ன வந்தது என்று நினைக்கிறீர்கள்? கோபமா? பயமா? ஆனந்தம், வாசகரே, ஆனந்தம்!

"அப்ப என்ர கணக்குப் பிழையில்லை! தண்ணியை ஊத்தினால் எப்பிடி இறங்கும்?" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குழாயிலிருந்த ரோசாத் தண்ணீர் என் சட்டையில் சிந்தியது. எனக்கு அந்த மனிதரை அறைய வேண்டும்போல் இருந்தது.

இராசமணி எழுந்தாள். போத்தலை எடுத்துச் சிங்கில் கவிழ்த்தாள். பிறகு அந்த வர்ண அட்டையைக் கொண்டுவந்து தம்பியின் கண்ணருகே பிடித்து, கணவரைக் கூப்பிட்டாள்.

"இஞ்ச வாங்கோ. இதைப் பாத்துச் சொல்லுங்கோ. இளம் ரோசாவோ, கடும் ரோசாவோ?"

பழக்கதோஷம், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டப் போனார். அட்டையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். அப்புறம் அட்டைக்குத் திரும்பவில்லை. சுஜந்தன் விம்மிக்கொண்டு நின்றான்.

"கடும் ரோசா" என்றார். "எப்ப இருந்து?"

"உங்கட தொட்டி எண் ஏறத் தொடங்கின நாளில இருந்து" என்றாள் இராசமணி.

சில மாதங்கள் கழித்து இராமநாதனையும் சுஜந்தனையும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் கண்டேன். ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போக நின்றார்கள். சுஜந்தன் கொஞ்சம் சதை வைத்திருந்தான். "சுகமா சேர்?" என்றேன். "பத்…" என்று தொடங்கியவர், நாக்கைக் கடித்துக்கொண்டு, மைத்துனனின் முகத்தைத் திரும்பிப் பார்த்து, "இவன் சுகமா இருக்கிறான்" என்றார். பஸ் வந்தது, ஏறினார்கள். பஸ் நகர்ந்த பிறகு ஜன்னலால் தலையை நீட்டி, "பத்து!" என்று கத்தினார்.

உங்கள் வீட்டில் தொட்டியும் இல்லை, போத்தலும் இல்லை, ஆகவே நீங்கள் அந்தப் பிரிவில் சேர்த்தியில்லை என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். நல்லது. நாளைக்கு யாராவது உங்களிடம் "வீட்டில் எல்லோரும் சுகமா?" என்று கேட்பார்கள். அப்போது டொலர் விலையோ, உங்கள் இரத்தச் சீனி அளவோ, மகனின் கணிதப் புள்ளியோ, கைக்கடிகாரம் எண்ணிய நடையோ வாயில் வந்து நின்றால், பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். முதலில் வீட்டுக்குப் போய், யாராவது உங்கள் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார்களா என்று பாருங்கள்.