மாடி அறையும் ஒரு சாட்சிக் கையெழுத்தும்

இனி இந்த வீட்டில் நான் சொல்வதுதான் நடக்கும் என்று முடிவு செய்தேன். மனைவி வெளியே போயிருந்த நேரம் அது.

பெரியப்பா இறந்து மூன்று வாரம் ஆகிறது. கல்யாணமே செய்துகொள்ளாதவர். அதனால் தொண்ணூற்றொரு வயது வரை நிம்மதியாக இருந்தார். அவருடைய உயிலைப் பிரித்தேன். அவர் குடியிருந்த மாடி அறை எனக்கு. மீதி எல்லாம் என் மகளுக்கு. உயிலை நிறைவேற்றும் பொறுப்பும் எனக்கே. முதல் பக்கத்திலேயே இவ்வளவும் இருந்ததால் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த அறையில் ஒரு ஜன்னல், ஒரு சாய்வு நாற்காலி, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். கீழே நாங்கள் இருக்கும் பகுதியில் குளியலறையைத் தவிர வேறெங்கும் எனக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அங்கேயும் மூன்றாவது நிமிடம் கதவைத் தட்டுவார்கள். அந்தத் தாழ்ப்பாளுக்காகத்தான் ஆறு வருஷம், ஞாயிறு தவறாமல், பெரியப்பாவுக்கு முதுகு சொறிந்துவிட்டேன். அதற்காக அவரைப் பிடிக்காது என்று நினைக்காதீர்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மனைவி வந்ததும் சொன்னேன்.

"உயிலை நிறைவேத்தறவன் நான்தான்."

"தண்டனையெல்லாம் நிறைவேத்துவாங்களே, அந்த மாதிரியா?"

"கிண்டல் வேண்டாம். இது கோர்ட் சமாச்சாரம்."

"மாடி ரூம்ல என் தையல் மெஷினைப் போட்டுக்கட்டுமா?"

"அது என் ரூம். உயில்ல இருக்கு."

"சரிங்க."

அவள் 'சரிங்க' என்றால் நான் பயப்பட வேண்டும். அன்று பயப்படவில்லை. பதவி தலைக்கேறியிருந்தது.

மறுநாள் இறப்புச் சான்றிதழ், உயில், சொத்துப் பட்டியல் எல்லாவற்றையும் கோர்ட் குமாஸ்தாவின் மேஜையில் வைத்தேன். பட்டியலில் முதல் வரி சாய்வு நாற்காலி. அவர் விரலால் எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினார்.

"ரெண்டாவது சாட்சி யார் சார்?"

"என் மனைவி" என்றேன் பெருமையாக.

நாலு வருஷத்துக்கு முன் உயில் எழுதிய அன்று, வரவேண்டிய சாட்சி காய்ச்சலில் படுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும். விஷயம் வீட்டோடு இருக்கட்டும் என்று மனைவியைக் கூப்பிட்டவன் நான்தான். கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். பதினெட்டு வருஷத்தில் கேள்வி கேட்காமல் அவள் செய்த ஒரே காரியம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"சாட்சிக்கோ, சாட்சியோட கணவருக்கோ எழுதி வச்சது செல்லாது சார்" என்றார் குமாஸ்தா.

"அப்ப ரூம்?"

"மீதியோட சேர்ந்துடும். உங்க பொண்ணுக்கு வயசென்ன?"

"ஒன்பது."

உயிலின் பின்பக்கத்தைத் திருப்பினார். "பொண்ணு பெரியவளாகுற வரைக்கும் பொறுப்பு அம்மாகிட்டன்னு எழுதியிருக்கார். நீங்க படிக்கலையா?"

வீட்டுக்கு வந்தேன். தையல் மெஷின் மாடிப்படிக்குக் கீழே தயாராக நின்றது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"உயில் எழுதின வக்கீல் அன்னைக்கே சொன்னாரே. நீங்க அவருக்கு டீ வாங்கப் போயிருந்தீங்க."

"பெரியப்பா என்ன சொன்னார்?"

"'தினமும் சோறு போடுறவ நீ. தைரியமா கையெழுத்துப் போடும்மா'ன்னார்."

"அப்புறம் எதுக்கு ரூமை என் பேர்ல எழுதணும்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'எழுதலைன்னா அவன் முதுகு சொறிய வர மாட்டான்'னார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"விஷயம் வீட்டோட இருக்கட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?"

உயிலை நிறைவேற்றுபவன் சாவியை ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஒப்படைத்தேன். ரசீதில் அவள் கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே ஓர் இடம் காலியாக இருந்தது. சாட்சி.

"போடுங்க" என்று பேனாவை நீட்டினாள்.

கேள்வி கேட்காமல் போட்டேன்.