மருதாள் போட்ட காரம்

"மருதா, வந்துட்டாங்க! காருலயே வந்துட்டாங்க!" என்று கூட ஊறுகாய் போடும் கருப்பாத்தாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்த மருதாளின் கை நின்றது. அவளைப் பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர, அப்பா சென்னியப்பன் ஊத்துக்குளி ஸ்டேஷனுக்கு வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தார். ரயிலில் வருகிறோம் என்றவர்கள் இப்படிக் காரில் வந்து இறங்கினால்?

மாப்பிள்ளைக்கு ஊர் அமராவதி நகர். அங்கே போய்விட்டால் ஊறுகாய்ச் சங்கம் என்ன ஆவது? கிராம சேவகி சொல்லிக்கொடுத்து, பழைய புகையிலைக் கொட்டகையில் அவளும் நான்கு பெண்களுமாக ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. சந்தையில் இப்போதுதான் பெயர் அடிபடுகிறது. அவள் போன மறுநாளே மற்றவர்களையும் வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள்.

"நான் வேண்டாம்னாத்தான அப்பன் வையும்? அவிங்களே வேண்டாம்னு ஓடட்டும். அந்த மொளகாப்பொடிய எடு!"

நல்ல எலுமிச்சை ஊறுகாயில் மூன்று கை பொடி விழுந்தது.

வந்தவர்கள் ஒரு தடித்த மனிதர், கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், ஒரு டிரைவர். மூவருக்கும் தயிர்ச்சோறும் ஊறுகாயும் வந்தன. ஒரு வாய்தான். தடித்தவர் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"அம்மிணி, இந்தக் காரம் எப்பவுமே இருக்குங்களா?"

"எப்பவும் இதேதானுங்க. ஆருக்காவும் கொறைக்க மாட்டனுங்க."

"கொறைக்கவே கூடாதுங்க!" என்றார் அவர் பூரிப்புடன்.

மருதாளுக்குத் திக்கென்றது. காரம் பலிக்கவில்லை, வாயைத்தான் நம்ப வேண்டும்.

"நான் இந்த ஊரை உட்டு எங்கயும் வரமாட்டனுங்க."

"நீ எதுக்கு வரோணும் கண்ணு? நாங்களே வண்டி அனுப்பிச்சு எடுத்துக்கறோம்," என்றாள் கண்ணாடி அம்மாள்.

எடுத்துக்கொள்வதா! மருதாள் கடைசி ஆயுதத்தையும் வீசினாள்.

"இந்த நாலு பொண்ணுங்களும் எங்கூடவேதான் இருப்பாங்க. அவங்க இல்லாம நான் இல்லீங்க!"

"அஞ்சு பேருமா? ரொம்ப நல்லதாப் போச்சுங்க!" என்று தடித்தவர் கையைத் தட்டினார்.

கதவுக்குப் பின்னால் நின்ற கருப்பாத்தாள், "அடி ஆத்தா, என்னையுமா?" என்று அலறியது வெளியே கேட்டது.

"அப்பப் பேச்சு முடிஞ்சுதுங்க. வெள்ளிக்கிழமையே ஆரம்பிச்சுரலாம்," என்று சொல்லிவிட்டு இருவரும் காருக்கு நடந்தார்கள்.

மருதாளுக்கு அழுகை முட்டியது. மூன்றாவது சொம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த டிரைவரிடம், "ஏனுங்க, மாப்பிள்ளைகூட வராம நீங்களே முடிச்சுட்டுப் போறீங்களே, இது நாயமுங்களா?" என்றாள்.

டிரைவர் சொம்பை இறக்கி விழித்தான்.

"எந்த மாப்பிள்ளைங்க? நாங்க பனியன் கம்பெனி கேண்டீனுக்கு ஊறுகா பேச வந்தவங்க. இந்தக் காரத்துக்கு முந்நூறு பேருல ஒருத்தனும் ரெண்டாந்தடவை கேக்கமாட்டான்னு மேனேஜருக்குப் பரம சந்தோசமுங்க!"